எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களில் யாருக்கு, எப்போது, ஏன் உயிராபத்து?

மருந்து இருக்கிறது. அரச கிளினிக்கில் காசில்லாமல் தருகிறார்கள். அநேகருக்கு நாளுக்கு ஒரு குளிசைதான். அப்படியிருந்தும் எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கியவர்களில் சிலர் இறந்துபோகிறார்கள். வன்னிப் பக்கம் இதைக் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுக்குத்தான் வருவார்கள். "அந்த வருத்தம் வந்தால் தப்ப ஏலாது" என்பார் ஒருவர். "இருந்திருப்பான், அந்த மருந்துதான் ஆளை முடிச்சது" என்பார் இன்னொருவர். இரண்டும் பிழை.

கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 இல் பரவலாக வந்த காலத்திலிருந்து பல நாடுகளில் நோயாளர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். யார் இருக்கிறார்கள், யார் போனார்கள், போனவர்களைப் பற்றி முதல் நாளே என்ன தெரிந்திருந்தது என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குகளில் திரும்பத் திரும்ப முன்னுக்கு வருவது ஒன்றுதான்: ஆள் எவ்வளவு பிந்தி வந்தார் என்பது. மற்றக் காரணங்களில் பாதி, அந்தப் பிந்தலின் வேறு வேறு முகங்கள்.

குளக்கட்டும் வெள்ளமும்

கிளினிக் கொப்பியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வைரஸ் அளவு: ஒரு மில்லிலீற்றர் குருதியில் எத்தனை வைரஸ் பிரதிகள் என்பது. மற்றது சிடி4: ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் அந்த வகை வெள்ளணுக்கள் எத்தனை என்பது. நல்ல சுகமாக இருக்கும் ஒருவருக்கு சிடி4 ஏறக்குறைய 500 இலிருந்து 1500 வரை இருக்கும்.

வன்னியில் குளக்கட்டைப் பார்க்காதவர்கள் இல்லை. வைரஸ் அளவு என்பது கட்டை அரிக்கிற வெள்ளம். சிடி4 என்பது கட்டில் இன்னும் மிஞ்சியிருக்கிற உயரம். மருந்து வெள்ளத்தை விரைவாகவே நிறுத்திவிடும். இப்போது கொடுக்கும் டொலுடெக்ரவிர் சேர்ந்த கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்துக்குள் வைரஸ் அளவு 50 க்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் அரிபட்ட கட்டைத் திரும்ப உயர்த்துவது அவ்வளவு சுறுக்காக நடக்காது. சிடி4 முதல் வருடத்தில் இருந்த எண்ணைவிட 50 தொடக்கம் 150 அளவில்தான் கூடும். அதன் பிறகு இன்னும் மெதுவாக. 40 இல் தொடங்கியவர் 200 ஐத் தாண்ட ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுக்கலாம்.

வெள்ளம் நின்றுவிட்டது, கட்டு இன்னும் பதிவாகவே கிடக்கிறது. இந்த இடைவெளிக்குள் எந்த மழை வந்தாலும் ஆபத்துத்தான். சிகிச்சை எடுப்பவர்களின் இறப்புகளில் பெரும்பங்கு முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதங்களுக்குள் குவிவது இதனால்தான். மருந்து வேலை செய்யாமல் போவதால் வருகிற இறப்புகள் அல்ல அவை. மருந்து வேலை செய்து முடிக்கும்வரை உடம்பு தாக்குப்பிடிக்காமல் போனவை.

சிடி4 200 க்குக் கீழே இருந்தாலோ, காசநோய், மூளைக்காய்ச்சல் போன்ற கடும் நோய் ஏற்கெனவே வந்திருந்தாலோ உலக சுகாதார நிறுவனம் அதை "முற்றிய எச்.ஐ.வி. நோய்" என்று வகைப்படுத்துகிறது. சிகிச்சை தொடங்க வரும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லோரையும், எண் எதுவாயிருந்தாலும், இந்த வகைக்குள்தான் எடுத்துக்கொள்வார்கள். வெளியே பார்க்க ஆள் நடமாடிக்கொண்டிருப்பார், சமைத்துச் சாப்பிடுவார், சிடி4 மட்டும் 60 ஆக இருக்கும். அதனால் முகத்தைப் பார்த்து நிலைமையை மதிப்பிடக் கூடாது. சிகிச்சை தொடங்கும்போது சிடி4 பார்த்தே ஆகவேண்டும்.

அந்த ஆறு மாதத்தில் எது கொல்லுகிறது

முதலாவது காசநோய். எச்.ஐ.வி. உள்ளவர்களின் இறப்புக்கு உலகளவில் முன்னணிக் காரணம் இதுதான். இலங்கையில் பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போடுகிறார்கள். அது குழந்தைகளைக் கடும் காசநோயிலிருந்து காக்கும். வளர்ந்தவரின் நுரையீரலுக்கு அதை நம்பியிருக்க முடியாது. சாதாரண ஆளுக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளி பரிசோதிக்கச் சொல்வார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்த இரண்டு கிழமைக் கணக்கு இல்லை. இருமல், காய்ச்சல், நிறை குறைதல், இரவில் உடுப்பு நனைய வியர்த்தல் ஆகிய நான்கில் எது ஒன்று இன்றைக்கு இருந்தாலும் தேடவேண்டும். சிடி4 மிகக் குறைந்தவர்களுக்குச் சளியே வராமலும், எக்ஸ்றே பெரிதாக எதையும் காட்டாமலும் காசநோய் இருக்கலாம். கழுத்தில், வயிற்றில், மூளையுறையில் இருக்கும். "சளியில் ஒன்றுமில்லை" என்ற ஒரு துண்டோடு தேடலை நிறுத்தினால் அது பெரிய பிழை.

காசநோய் இல்லையென்று உறுதியானால் அது வராமல் தடுக்க மருந்து கொடுப்பார்கள். பழைய முறை, ஐசோனியாசிட் 300 மில்லிகிராம் நாளுக்கு ஒருமுறை ஆறு மாதம், கூடவே கைகால் விறைப்பு வராமல் இருக்க விற்றமின் பி6. குறுகிய முறைகளும் உண்டு. கிழமைக்கு ஒருமுறை பன்னிரண்டு தடவை எடுப்பது அதில் ஒன்று.

இரண்டாவது, கிரிப்டொகொக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல். சிடி4 100 க்குக் கீழே உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம், 200 க்குக் கீழே உள்ளவர்களிலும் தேடிப் பார்க்கலாம். தொடக்கத்தில் வெறும் தலையிடிதான். பனடோல் போட்டால் கொஞ்சம் குறையும், பிறகும் வரும். குருதியில் அந்தப் பூஞ்சையின் தடயத்தைத் தலையிடி வருவதற்குக் கிழமைகளுக்கு முன்பே கண்டுபிடிக்கும் பரிசோதனை இருக்கிறது. அதில் பட்டு, மூளைக்காய்ச்சல் இல்லையென்றும் தெரிந்தால், புளுகோனசோல் 800 மில்லிகிராம் இரண்டு கிழமை, 400 மில்லிகிராம் எட்டுக் கிழமை, அதன் பிறகு 200 என்று இறக்கிக்கொண்டு போவார்கள்.

மூன்றாவது, ஒருவகைப் பூஞ்சை நிமோனியா. நடந்தால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல், சில நாளில் கட்டிலில் இருந்தபடியே மூச்சு வாங்கும். இதைத் தடுப்பது மிக மலிவான ஒரு குளிசை: கொட்ரைமொக்சசோல் 960 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. "எச்.ஐ.வி. மருந்து இருக்கே, இது எதுக்கு?" என்று அநேகர் முதலில் கைவிடுவது இந்தக் குளிசையைத்தான். ஆபிரிக்க வழிகாட்டல்களில் இதைச் சிடி4 கூடின பிறகும் தொடரச் சொல்வதை வாசித்துக் குழம்ப வேண்டாம். அங்கே மலேரியாவும் ஒரு காரணம். இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. இங்கே உடம்பு தேறினதும் வைத்தியர் நிறுத்துவார். நிறுத்தும் முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

இந்தச் சின்னச் சின்னத் தடுப்பு மருந்துகள் உண்மையிலேயே உயிர் காக்குமா என்று உகண்டா, சிம்பாப்வே, மலாவி, கென்யா ஆகிய நாடுகளில் 1,805 பேரை வைத்துச் சோதித்தார்கள். எல்லோரும் சிடி4 100 க்குக் கீழே. 2017 இல் முடிவு வந்தது. வழமையான தடுப்பு மட்டும் பெற்றவர்களில் 24 கிழமைக்குள் 12.2 வீதம் பேர் இறந்தார்கள். காசநோய், பூஞ்சை, பக்டீரியா, பூச்சி என்று நாலு பக்கமும் தடுப்பு மருந்து சேர்த்துப் பெற்றவர்களில் 8.9 வீதம். எச்.ஐ.வி. மருந்து இரு பகுதிக்கும் ஒன்றுபோலக் கிடைத்தது. வித்தியாசம் முழுவதும் அந்த மலிவுக் குளிசைகளால் வந்தது.

"மருந்து தொடங்கின பிறகுதான் கூடினது"

இந்தப் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி நித்திரையில் இருந்த காலத்தில் உடம்பின் ஒரு மூலையில் காசநோய்க் கிருமி இருந்திருக்கும். உடம்பு அதைக் கண்டுகொண்டிருக்காது. மருந்து தொடங்கி இரண்டு கிழமையிலிருந்து மூன்று மாதத்துக்குள் எதிர்ப்புச் சக்தி விழித்து அந்தக் கிருமியோடு ஒரேயடியாக மோதும். காய்ச்சல், கழுத்தில் கட்டி, மூச்சு முட்டல் எல்லாம் அப்போதுதான் வெளிப்படும். சிடி4 எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு இந்த மோதல் கடுமை. பெரும்பாலும் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தாமலே, அடியிலிருக்கும் நோய்க்கு மருந்து கொடுத்துச் சமாளிப்பார்கள். தானாகவே குளிசையை நிறுத்திவிட்டு வீட்டில் கிடப்பதுதான் உயிரை எடுக்கிறது.

இதே காரணத்தால் தொடங்கும் நாளையும் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். பொதுவாக எச்.ஐ.வி. உறுதியானதும் அன்றைக்கே அல்லது ஒரு கிழமைக்குள் மருந்து தொடங்குவது நல்லது. நுரையீரல் காசநோய் இருந்தால் அதன் மருந்து தொடங்கி இரண்டு கிழமைக்குள். மூளைக்காய்ச்சல் இருந்தால் மட்டும் பொறுப்பார்கள்: பூஞ்சையால் என்றால் நாலு தொடக்கம் ஆறு கிழமை, காசநோயால் என்றால் நாலு தொடக்கம் எட்டுக் கிழமை. மண்டையோட்டுக்குள் வீக்கம் வந்தால் அதற்கு விலக இடமில்லை.

ஆபத்தைக் காட்டும் மற்ற அடையாளங்கள்

நிறை. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நிறையை அதனால் பிரியுங்கள். 1.60 மீற்றர் உயரம், 45 கிலோ என்றால் 45 ஐ 2.56 ஆல் பிரிக்க 17.6 வரும். 18.5 க்குக் கீழே என்றால் நிறை போதாது. 16 க்குக் கீழே என்றால் ஆள் மிகவும் மெலிந்துவிட்டார். நிறை குறைந்தவர்கள் கூடுதலாக இறக்கிறார்கள் என்பது எல்லா நாட்டுக் கணக்கிலும் வருகிறது.

அடுத்தது குருதிச்சோகை. இந்த இடத்தில் தொடக்கநிலையாளர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு அடையாளம் ஆபத்தைக் காட்டுகிறது என்பதற்காக அதுவே கொல்லுகிறது என்று அர்த்தமில்லை. ஈமோகுளோபின் 7 ஆக இருக்கிறவரிடம் பல வேளைகளில் ஒளித்திருப்பது காசநோய். இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து எண்ணை ஏற்றப் பார்த்தால் அவர் காசநோயில்தான் போவார். புகையைப் பார்த்து நெருப்பைத் தேடவேண்டும். நிறையும் அப்படித்தான்: சத்துமா கரைத்துக் கொடுப்பது நல்லது, ஆனால் ஏன் மெலிந்தார் என்று தேடுவது அதைவிட நல்லது.

இவற்றைவிட அவசரமான நான்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 30 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு, நிமிடத்துக்கு 120 அல்லது அதற்கு மேல் நாடித்துடிப்பு, 39 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பிடிக்காமல் நடக்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வைத்தியசாலை. மூச்சை எண்ணக் கருவி வேண்டாம். ஆளை இருத்தி, நெஞ்சு எழும்புவதை மணிக்கூட்டில் ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ணினால் போதும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது பிழை விடும்.

ஆண்கள் ஏன் கூடுதலாக இறக்கிறார்கள்

பல நாட்டுக் கணக்குகளில் "ஆணாக இருத்தல்" ஒரு ஆபத்துக் காரணியாக வரும். கிருமிக்கு ஆண், பெண் என்ற பேதம் பெரிதாக இல்லை. இலங்கையில் கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் கிளினிக்கில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் கிரந்தி நோயும் பரவுவதை ஒழித்ததற்காக 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. பெண்ணைத் தேடி ஒரு பரிசோதனை வருகிறது. ஆணைத் தேடி அப்படி எதுவும் வருவதில்லை. காசநோய் வந்தாலோ, குருதி கொடுத்தாலோ, வெளிநாட்டுக்கு மெடிக்கல் செய்தாலோதான் தெரியவரும். நாட்டில் வளர்ந்தவர்களில் எச்.ஐ.வி. 0.1 வீதத்துக்கும் குறைவு. அது நல்ல செய்திதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. மாதக்கணக்கில் மெலிந்து, வயிற்றோட்டத்தோடும் வாயில் வெள்ளை படிந்தும் வருகிறவரைப் பார்த்து "எச்.ஐ.வி. பார்ப்போமா" என்ற நினைப்பு கடைசியில்தான் வருகிறது.

ஐந்து கொப்பிகளும் ஒரு ஏமாற்றும்

இறப்பு வீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரியாவிட்டால் பத்திரிகையில் வரும் எண்கள் ஏமாற்றிவிடும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர் மருந்து தொடங்குகிறார்கள். ஒருவர் 24 மாதம் கழித்தும் நன்றாக இருக்கிறார். ஒருவர் 3 ஆம் மாதம் இறந்துவிட்டார். ஒருவர் 12 ஆம் மாதம் கடிதம் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டக் கிளினிக்குக்கு மாறிப்போனார். ஒருவர் 9 ஆம் மாதத்துக்குப் பிறகு வரவேயில்லை. ஐந்தாமவர் 24 மாதம் கழித்தும் இருக்கிறார்.

மாதங்களைக் கூட்டுங்கள்: 24, 3, 12, 9, 24. மொத்தம் 72 மாதம், அதாவது ஆறு "ஆள்-வருடம்". ஒரு இறப்பு. 100 ஆள்-வருடத்துக்கு 16.7 இறப்பு என்று எழுதுவார்கள். மாறிப்போனவரும் வராமல் விட்டவரும் தாங்கள் கண்ணில் பட்ட காலம்வரை கணக்கில் இருப்பார்கள். அதன் பிறகு உயிரோடிருக்கிறார் என்றும் இல்லை, இறந்தார் என்றும் இல்லை, சும்மா விலக்கிவிடுவார்கள்.

வராமல் விட்டவர் உண்மையில் அந்த 9 ஆம் மாதமே வீட்டில் இறந்திருந்தால்? இரண்டு இறப்பு, 100 ஆள்-வருடத்துக்கு 33.3. ஒரே ஒரு கொப்பி எண்ணை இரட்டிப்பாக்கிவிட்டது. இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. வராமல் விட்டவர்களைத் தேடிப்போய்ப் பார்த்த ஆய்வுகளை, பெரும்பாலும் ஆபிரிக்காவில் நடந்தவற்றை, 2009 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் அளவில் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். ஆகவே ஒரு கிளினிக்கில் இறப்பு குறைவு என்று சொன்னால் அடுத்த கேள்வி, எத்தனை பேர் வராமல் விட்டார்கள் என்பதுதான். அதைச் சொல்லாத எண்ணை நாங்கள் நம்புவதில்லை.

"ஆபத்து விகிதம் 2" என்று இன்னொரு எண் வரும். ஒரு குழுவினர் குறித்த ஒரு காலத்தில் இறக்கும் வேகம் மற்றக் குழுவைப்போல் இரு மடங்கு என்பதுதான் அது. பாதிப் பேர் இறப்பார்கள் என்றல்ல. நூற்றில் ஒன்று இரண்டானாலும் விகிதம் 2 தான். இருபது நாற்பதானாலும் ஏறக்குறைய அப்படித்தான். எதிலிருந்து இரு மடங்கு என்று கேட்காமல் பயப்படவும் கூடாது, ஆறுதல்படவும் கூடாது.

ஒரு குளிசை, பல கெடுபிடிகள்

இப்போது பரவலாகக் கொடுப்பது ஒரே குளிசைக்குள் மூன்று மருந்து: ரெனோபோவிர் 300, லமிவுடின் 300, டொலுடெக்ரவிர் 50 மில்லிகிராம். சாப்பாட்டோடும் எடுக்கலாம், இல்லாமலும் எடுக்கலாம். நேரம் தவறினால் நினைவு வந்தவுடன் எடுக்கவேண்டும். அடுத்த குளிசைக்கு நாலு மணித்தியாலத்துக்குள் என்றால் தவறியதை விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

டொலுடெக்ரவிருக்கு உலோகம் ஆகாது. நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கிக் குடிக்கும் வெள்ளை மருந்தில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் அவை டொலுடெக்ரவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், குருதிக்குப் போகாது. குளிசையை அந்த மருந்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னுக்கோ ஆறு மணித்தியாலம் பின்னுக்கோ எடுக்கவேண்டும். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கும் இதே விதிதான். ஆனால் இரும்பையும் கல்சியத்தையும் சாப்பாட்டோடு என்றால் மட்டும் சேர்த்து எடுக்கலாம். கர்ப்பிணிகள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவர்கள் கையில் இரண்டுமே இருக்கும். நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்களுக்கு அதன் அளவு நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்ப்பார்கள்.

காசநோய் மருந்தான ரிபம்பிசின் டொலுடெக்ரவிரை வேகமாகக் கரைத்துவிடும். அதனால் அந்தக் காலத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து டொலுடெக்ரவிர் 50 தனியாக இன்னொன்று, காசநோய் மருந்து முடிந்து இரண்டு கிழமைவரை. காசநோய் பார்க்கும் மார்பு நோய் கிளினிக்கும் எச்.ஐ.வி. மருந்து தரும் பாலியல் நோய் கிளினிக்கும் வெவ்வேறு இடம், வெவ்வேறு கொப்பி. ஒன்றில் எழுதியதை மற்றது காணாமல் விட்டால் இந்த இரண்டாவது குளிசை தவறிப்போகும். இரண்டு கொப்பியையும் இரண்டு இடத்துக்கும் கொண்டுபோவதுதான் வழி.

வன்னியில் நாங்கள் கூடக் கவனிக்கச் சொல்வது சிறுநீரகம். ரெனோபோவிர் சிலருடைய சிறுநீரகத்தைத் தாக்கும். வவுனியா மாவட்டத்தின் தென்பகுதி, காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவிய வலயத்துக்குள் வருகிறது. அங்கிருந்து வருகிறவருக்குத் தொடங்கும் முன்பே குருதியில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) பார்த்து, சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் கணக்கிடவேண்டும். அது 50 க்குக் கீழே என்றால் வேறு மருந்து யோசிப்பார்கள். வயல் வேலை முடிய முதுகு நோவுக்கு டைக்குளோபெனக் வாங்கிப் போடுவது இங்கே பழக்கம். ரெனோபோவிரோடு சேர்த்து அதை நாள்கணக்கில் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. நோவுக்குப் பரசிற்றமோல் போதும். காலபோக வேலை நேரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், அதுவும் சிறுநீரகத்தில்தான் கைவைக்கும். ஒரு சிறு விஷயம்: டொலுடெக்ரவிர் தொடங்கி முதல் மாதத்தில் கிரியற்றினின் கொஞ்சம் கூடும். அது வெளியேறும் வழியை மருந்து சற்று மறிப்பதால் வருவது, சிறுநீரகம் பழுதானதால் அல்ல. தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால்தான் யோசிக்கவேண்டும்.

போத்தலையும் பாருங்கள். குளிசை 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் இருக்கவேண்டும். தகரக் கூரைக்கு நேர் கீழே, பங்குனி சித்திரை வெயிலில், அலுமாரித் தட்டு அதற்கு மேலே போய்விடும். நிலத்தோடு ஒட்டிய, நிழலான, அடுப்புக்குத் தூரமான மூலை நல்லது. உள்ளே இருக்கும் சிறிய பையை எறியக் கூடாது. ஈரத்தை உறிஞ்ச அதுதான் இருக்கிறது. ஆட்கள் காண்பார்கள் என்று லேபலைக் கிழித்துக் குளிசைகளைக் கடதாசியில் சுற்றி வைப்பவர்கள் உண்டு. பயம் நியாயமானது. லேபலைக் கிழித்தாலும் போத்தலையும் பையையும் விடாதீர்கள்.

நிறுத்தி நிறுத்தி எடுத்தால்

சிடி4 கூடின பிறகு மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் என்ன என்று ஒரு காலத்தில் வைத்தியர்களே நினைத்தார்கள். 5,472 பேரோடு நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2006 இல் அதற்குப் பதில் சொன்னது. நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களுக்கு இறப்போ, எச்.ஐ.வி. சார்ந்த கடும் நோயோ வரும் ஆபத்து 2.6 மடங்கு. மாரடைப்பு, சிறுநீரக, ஈரல் நோய்களும் கூடின. ஈரல் அழற்சி பி உள்ளவர் நிறுத்தினால் இன்னொரு கேடும் உண்டு. ரெனோபோவிரும் லமிவுடினும் அந்த வைரசையும் அடக்கி வைத்திருக்கும். நிறுத்தினதும் அது சீறிக்கொண்டு எழும்பி, செங்கமாரி வந்து, ஈரலே செயலிழக்கலாம்.

ஏன் நிறுத்துகிறார்கள்? பெரும்பாலும் மறதியால் அல்ல. அறுவடைக் காலம், கூலி போய்விடும். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு வர இரண்டு பஸ் மாறவேண்டும். மார்கழி வெள்ளத்தில் வீதி மறிபட்டுவிடும். கிளினிக் வாசலில் ஊர் ஆள் நிற்பார். கசிப்புக் குடிக்கிற நாளில் "குளிசையும் சாராயமும் சேர்ந்தால் நஞ்சு" என்று நினைத்துக் குளிசையை விடுவார்கள். அப்படி நஞ்சாகாது. குடித்தாலும் குளிசையை எடுக்கவேண்டும். குடியை எப்படிக் குறைப்பது என்பது தனிப் பேச்சு. நாட்டு வைத்தியம் செய்கிறவர்கள் அந்த மருந்தையும் கிளினிக்கில் சொல்லட்டும். அதற்காக இதை நிறுத்துவதுதான் உயிருக்கு ஆபத்து.

வைரஸ் அளவு அடங்கி நிலையாக இருப்பவருக்கு மூன்று, ஆறு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐப்பசியில் கிளினிக்குக்குப் போகும்போதே "மழைக்கு முன்னம் கூடத் தாங்கோ" என்று கேட்கலாம். உள்ளூரில் முகம் காட்ட விருப்பமில்லாதவர் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மாறிப்போகலாம். மாற்றக் கடிதத்தில் மருந்தின் பெயரும் கடைசி வைரஸ் அளவும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும்.

வைரஸ் அளவை ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். 1000 க்கு மேல் வந்தால் உடனே மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்டமாட்டார்கள். எடுக்கிற முறையில் எங்கே பிழை என்று தேடி, மூன்று மாதம் கவனித்து, திரும்பப் பார்ப்பார்கள். நெஞ்செரிவு மருந்து இந்த இடத்தில்தான் பல தடவை பிடிபடும். கண்டுபிடிக்க முடியாத அளவில் வைரஸ் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. கலியாணம் கட்டினவர்களுக்கு, மருந்தைத் தொடர இதைவிடப் பெரிய தூண்டுதல் வேறில்லை.

ஐந்து, பத்து வருடம் கழித்து

முதல் வருடத்தைத் தாண்டி, சிடி4 நன்றாக ஏறினவருடைய ஆயுள் மற்றவர்களுடையதை நெருங்கிவிடும். அப்போது ஆபத்து வேறு பக்கமிருந்து வரும். டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், நன்றாக மருந்து எடுக்கிறவர்கள் எச்.ஐ.வி.யால் இழந்த ஆயுள் ஐந்து வருடமளவில். புகைத்தலால் இழந்தது பன்னிரண்டு வருடமளவில். 40 இலிருந்து 75 வயதுவரையான 7,769 பேரோடு நடந்து 2023 இல் வெளிவந்த ஆய்வொன்றில், கொலஸ்திரோல் குறைக்கும் ஸ்ரற்றின் வகை மருந்து ஒன்று மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றை 35 வீதம் குறைத்தது. ஆகவே பிரஷர், சீனி, கொலஸ்திரோல் பார்ப்பது எச்.ஐ.வி. கிளினிக்கின் வேலையும்தான். பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையும் சேரும். மனச்சோர்வையும் கேட்டறியவேண்டும், குளிசையை விடவைப்பதில் அது கசிப்புக்குக் குறைந்ததல்ல.

இடையில் விட்டவர் திரும்பி வரும்போது நடப்பதுதான் இன்றைக்கும் ஓட்டை உள்ள இடம். பழைய கொப்பியில் சிடி4 480 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அதே குளிசையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு வருடம் விட்டவருடைய சிடி4 இப்போது 90 ஆக இருக்கலாம். அவர் புதிதாக வந்தவர் மாதிரித்தான்: சிடி4 திரும்பப் பார்க்கவேண்டும், காசநோய்க்கான நான்கு கேள்வி, தலையிடி இருக்கிறதா என்ற கேள்வி, 200 க்குக் கீழே என்றால் பூஞ்சைப் பரிசோதனையும் கொட்ரைமொக்சசோலும், அடுத்த திகதி இரண்டு கிழமைக்குள். "ஏன் விட்டனீங்கள்?" என்று அதட்டுகிற இடத்தில் அவர் அந்த இரண்டாவது திகதிக்கு வரமாட்டார். "வந்தது நல்லது, கடைசியாக எப்ப குளிசை போட்டனீங்கள்?" என்று கேட்டால் சரியான திகதியே சொல்லுவார், சிகிச்சைக்கும் அந்தத் திகதிதான் தேவை.